மீன் தொட்டி வைக்கப் போகிறீர்களா? முதலில் தண்ணீரைத் தயார் செய்யுங்கள்

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், சமுதாயக் கூடத்தில் பேசியது. வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதித் தந்திருக்கிறேன்.)



செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது, நாமினேஷன், லாக்கர், மூத்த குடிமக்கள் டெபாசிட் என்று ஏதாவது பேசுவேன் என்றுதான் நினைத்திருப்பீர்கள். அதையெல்லாம் முப்பத்து நான்கு வருஷம் கவுன்ட்டரில் உட்கார்ந்து பேசியாகிவிட்டது. இன்றைக்கு மீனைப் பற்றிப் பேசுகிறேன். காரணம் இருக்கிறது. இந்தக் கோடை விடுமுறையில் மட்டும் நம் மூன்று பிளாக்குகளிலும் சேர்த்து ஏழெட்டு வீடுகளில் புதிதாக மீன் தொட்டி வந்திருக்கிறது. அதில் பாதிப் பேர் லிஃப்டில் என்னைப் பார்த்து, "சார், தினமும் ஒண்ணு செத்துப் போகுது, என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டார்கள். லிஃப்ட் நாலாவது மாடிக்குப் போவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. அதனால்தான் இங்கே.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் விலங்கியல் படித்தவன் இல்லை, பி.காம். எனக்குத் தெரிந்ததெல்லாம் மீனைச் சாகவிட்டுக் கற்றுக்கொண்டது. அந்தக் கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மே மாதம், கோயம்புத்தூரிலிருந்து பேரன் வந்திருந்தான். அப்போது அவனுக்கு ஏழு வயசு. மீன் தொட்டி வேண்டும் என்றான். கொளத்தூர் போனோம். சென்னையில் வண்ண மீனுக்குப் பேர்போன இடம் அதுதானே. இரண்டடித் தொட்டி ஒன்று, கலர் கல், ஒரு மோட்டார், கோல்டு ஃபிஷ் நாலு, ஏஞ்சல் இரண்டு, நியான் டெட்ரா ஆறு, "தொட்டியைச் சுத்தம் செய்யும்" என்று சக்கர் ஒன்று. மொத்தம் பதின்மூன்று. சாயங்காலம் ஆறு மணிக்குத் தண்ணீர் ஊற்றினோம், ஏழு மணிக்கு மீனை விட்டோம். பேரன் இரவு பத்து மணி வரை தொட்டி முன்னாலிருந்து நகரவில்லை. இரண்டு நாள் கழித்து ஊருக்குப் போய்விட்டான்.

மூன்றாம் நாள் முதல் டெட்ரா மிதந்தது. மறுநாள் இரண்டு. தண்ணீர் அழுக்காகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, எல்லாத் தண்ணீரையும் கொட்டி, கல்லைத் தேய்த்துக் கழுவி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து, புதுத் தண்ணீர் ஊற்றினேன். அதற்கு மறுநாள் மூன்று. ஒன்பதாம் நாள் மிச்சம் இருந்தது சக்கரும் ஒரு கோல்டு ஃபிஷ்ஷும். என் மனைவி, "என்னங்க, மல்லிச் செடித் தொட்டியிலே இனிமே புதைக்க இடம் இல்லே" என்றாள்.

பேரன் தினமும் போன் செய்வான். "தாத்தா, எத்தனை மீன் இருக்கு?" என்பான். நான் "பதிமூணும் இருக்குடா" என்பேன். முப்பத்து நான்கு வருஷத்தில் யாருக்கும் பேலன்ஸைத் தப்பாகச் சொன்னதில்லை. ஏழு வயசுப் பிள்ளைக்குச் சொன்னேன். அதோடு நிற்கவில்லை. கேஷ் குறைந்தால் கைக்காசு போட்டுச் சரிக்கட்டுவதுபோல, அதே வகையில், அதே எண்ணிக்கையில் மீன் வாங்கி விட்டேன். அவையும் செத்தன. மறுபடி வாங்கினேன்.

அரைப் பரீட்சை லீவில் வந்தான். தொட்டி முன்னால் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினான். பதின்மூன்று. சரியாக இருந்தது. பிறகு ஏஞ்சலையே பார்த்துக்கொண்டிருந்தான். "இது அந்த ஏஞ்சல் இல்ல தாத்தா. அதுக்கு வால்ல ஒரு கறுப்புப் புள்ளி இருந்துச்சு" என்றான்.

அப்புறம் உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. அழவில்லை. "நம்ம என்ன தப்பு பண்ணோம்?" என்று மட்டும் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் படிக்கவும், விவரம் தெரிந்தவர்களைக் கேட்கவும் ஆரம்பித்தேன். இன்றைக்கு நான் சொல்லப்போவது முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

பதிலைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: நாம் மீனை வாங்கினோம், மீன் வாழக்கூடிய தண்ணீரைத் தயார் செய்யவில்லை.

மீன் தண்ணீரிலேயே சாப்பிட்டு, தண்ணீரிலேயே கழிக்கிறது. அந்தக் கழிவும் மிச்ச உணவும் அம்மோனியாவாகிறது. அம்மோனியா மீனின் செவுளை அரித்துவிடும். குளத்திலும் ஏரியிலும் இதைக் கவனிக்க ஒரு வகை பாக்டீரியா இருக்கிறது. அது அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அளவாக இருந்தால் மீனுக்கு அதிகக் கெடுதல் இல்லை. செடி கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், மிச்சத்தை நாம் வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம்.

இந்த பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. கடையில் வாங்கிவந்த புதுத் தொட்டியில் அவை கிடையாது. தாமாக வளர்ந்து நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நான் ஒரு மணி நேரத்தில் மீனை விட்டேன். போதாக்குறைக்கு, கொஞ்சம் வளர்ந்திருந்த பாக்டீரியாவையும் குழாயடியில் பிழிந்து கொன்றேன். தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாகத்தான் இருந்தது. அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது.

நம் வீட்டுப் பெண்களுக்கு இதைச் சொல்ல எனக்கு ஒரே உதாரணம் போதும். பால் எவ்வளவு நல்ல பாலாக இருந்தாலும் உறை ஊற்றாமல் தயிர் ஆகாது. உறை ஊற்றின அடுத்த நிமிஷமும் ஆகாது. மீன் தொட்டியும் அப்படித்தான். தண்ணீருக்கு உறை பிடிக்க வேண்டும்.

சரி, எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

தொட்டி. வட்டக் கண்ணாடிக் கிண்ணம் வேண்டாம். தண்ணீர் குறைவாக இருந்தால் விஷம் சீக்கிரம் ஏறும். புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சின்னத் தொட்டிதான் கஷ்டம், கொஞ்சம் பெரியது சுலபம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் போதும். சென்டிமீட்டரில் 60, 30, 30. மூன்றையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 54 லிட்டர். கல்லும் மேலே விடுகிற இடைவெளியும் போக, நிற்கும் தண்ணீர் சுமார் 45 லிட்டர். தண்ணீர், கண்ணாடி, கல் எல்லாம் சேர்ந்தால் ஓர் ஆள் எடை வந்துவிடும். ஆகவே டீப்பாய் மேலோ, சுவரில் அடித்த பலகை மேலோ வைக்காதீர்கள். ஆடாத இரும்பு ஸ்டாண்டு வேண்டும். தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் ஷீட் போடுங்கள். ஸ்டாண்டில் இருக்கிற மேடு பள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும், கண்ணாடி விரிசல் விடாது. ஜன்னல் வெயில் நேராகப் படும் இடமும் வேண்டாம். பாசி பிடிக்கும், கோடையில் தண்ணீர் சூடாகும்.

கல். மழமழப்பான சின்னக் கூழாங்கல் ஒன்றரை, இரண்டு அங்குலம் போதும். சோப்புப் போடாமல், தண்ணீர் தெளிவாக வரும் வரை கழுவுங்கள். வெளியிலிருந்து கல் எடுத்துவந்தால் அதன்மேல் சில சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, வேண்டாம்.

ஃபில்டர். ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஒரு ஏர் மோட்டாரும் போதும். விலையும் குறைவு, குஞ்சு மீனும் உள்ளே இழுபடாது. மோட்டார் இருபத்து நாலு மணி நேரமும் ஓட வேண்டும். "கரண்ட் பில் என்ன ஆகும்?" என்று கேட்பீர்கள். 5 வாட் மோட்டார் மாதம் முழுக்க ஓடினால் 3.6 யூனிட். இரவில் நிறுத்துகிறவர்கள் இதைச் சேமிப்பதற்காகத்தான் நிறுத்துகிறார்கள், காலையில் மீனை இழக்கிறார்கள். மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால் கரண்ட் போகும்போது தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி மோட்டாருக்குள் வந்துவிடும்.

தண்ணீர். மெட்ரோ தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும். அது மீனின் செவுளையும் கெடுக்கும், நாம் வளர்க்கிற பாக்டீரியாவையும் கொல்லும். அகலமான பக்கெட்டில் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள். அவசரமென்றால் கடையில் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து கிடைக்கும், புட்டியில் போட்டிருக்கிற அளவு விடுங்கள். நமக்கு நல்லது மீனுக்கும் நல்லதுதானே என்று ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றியவர்களும் நம் குடியிருப்பில் உண்டு. அதில் தாது உப்பெல்லாம் எடுத்தாகிவிட்டது. அதை மட்டும் ஊற்றினால் மீன் தாங்காது.

இப்போது முக்கியமான கட்டம். எல்லாம் வைத்து, தண்ணீர் ஊற்றி, மோட்டாரை ஓடவிட்டு, மீன் விடாமல் காத்திருங்கள். தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு மட்டும் போடுங்கள். அது அழுகி அம்மோனியா வரும். அதுதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் பார்க்கச் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் கிடைக்கிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள். முதலில் அம்மோனியா ஏறும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். கடைசியில் உணவு போட்ட மறுநாளும் இரண்டும் பூஜ்யமாகி, நைட்ரேட் மட்டும் நின்றால் கணக்கு டேலி ஆகிவிட்டது என்று அர்த்தம்.

எனக்கு முப்பத்தாறு நாள் ஆனது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும், "என்ன சார், வெறும் தண்ணிக்கு லைட்டு போட்டுப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் நோட்டைப் பார்த்துப் பேரனுக்கு அந்த வார எண்களைப் படித்துக் காட்டினேன். இந்த முறை ஒன்றையும் மாற்றிச் சொல்லவில்லை.

அடுத்தது, என்ன மீன். நம் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். குழாய் வாயில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் சாட்சி. இந்தத் தண்ணீரோடு சண்டை போடாமல், இதில் சந்தோஷமாக வாழ்கிற மீனை எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். கப்பி, பிளாட்டி, மோலி, சோர்ட்டெய்ல், இந்த நான்கும் குட்டி போடும் மீன்கள், கடினத் தண்ணீரை விரும்புபவை. ஸீப்ரா டேனியோ என்ற கோடு போட்ட மீன் நம் நாட்டுக்காரர், எதையும் தாங்குவார். ஆனால் ஆறு பேராவது சேர்ந்திருந்தால்தான் நிம்மதியாக இருப்பார். நியான் டெட்ரா மென்மையான தண்ணீரில் வாழ்வது, இங்கே தொடங்குகிறவர்களுக்கு வேண்டாம்.

கோல்டு ஃபிஷ் பார்க்க அழகு. ஆனால் அது ஒரு சாண் வளரும், கழிவும் ஏராளம். இரண்டடித் தொட்டியில் நாலு விட்டது என் மகா தவறு. ஏஞ்சல் பெரிதானதும் வாய்க்கு அடங்குகிற சின்ன மீனைத் தின்றுவிடும். ஃபைட்டர் வளர்க்க ஆசையென்றால் ஆண் ஒன்றே ஒன்று, தனித் தொட்டியில். வாஸ்து மீன் என்று அரோவானா கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது இரண்டடிக்கு மேல் வளரும். நம் தொட்டியே இரண்டடி. திரும்பக்கூட முடியாத இடத்தில் ஒரு உயிரை வைத்து நமக்கு என்ன அதிர்ஷ்டம் வரும்?

எண்ணிக்கை. சின்ன மீன் ஒன்றுக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 45 லிட்டருக்குப் பதினொன்று. அதற்கு மேல் போகாதீர்கள். அதையும் ஒரே நாளில் விடக்கூடாது. முதலில் நாலைந்து, இரண்டு வாரம் கழித்து மீதி. பாக்டீரியா, மீனின் கழிவுக்குத் தகுந்தபடிதான் பெருகும். அதற்கு அவகாசம் கொடுங்கள். கப்பியில் ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்ற கணக்கு. குட்டியே வேண்டாம் என்றால் ஆண் மட்டும் வாங்குங்கள். பெண் மட்டும் வாங்கித் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கடையிலேயே சினை பிடித்து வந்திருக்கும், ஆண் இல்லாமலே பல மாதம் குட்டி போட்டுக்கொண்டிருக்கும்.

வாங்கிவந்த பையை அவிழ்க்காமல் இருபது நிமிஷம் தொட்டியில் மிதக்கவிடுங்கள், சூடு சமமாகும். பிறகு பையைத் திறந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீர் அரை டம்ளர் வீதம் ஊற்றுங்கள். நாலைந்து முறை ஊற்றியபின் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போகவேண்டாம்.

சாப்பாடு. பட்டினியால் சாகிற மீனைவிட, நாம் போடுகிற சாப்பாட்டால் சாகிற மீன்தான் அதிகம். தினம் இரண்டு வேளை, இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு. வாரம் ஒரு நாள் விரதம் இருந்தால் மீனுக்கும் நல்லது. நான்கு நாள் வெளியூர் போனால் வளர்ந்த மீன் சும்மா இருக்கும், ஒன்றும் ஆகாது. பக்கத்து வீட்டில் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அவர்கள் பிரியமாக அள்ளிப் போட்டுவிடுவார்கள். நீண்ட நாள் போவதென்றால், விபூதி மடிக்கிற மாதிரி வேளைக்கு ஒரு பொட்டலம் மடித்துக் கொடுங்கள்.

பராமரிப்பு வாரத்துக்கு அரை மணி நேர வேலை. ஹோஸ் வைத்து அடிக்கல்லிலிருக்கும் அழுக்கோடு கால் பங்கு தண்ணீரை உறிஞ்சி எடுத்து, குளோரின் போன தண்ணீரை ஊற்றுங்கள். முழுத் தண்ணீரையும் ஒருபோதும் மாற்றாதீர்கள். வற்றின அளவுக்கு ஊற்றினால் போதாதா என்றால் போதாது. வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பும் நைட்ரேட்டும் அப்படியே இருக்கும். வட்டி மட்டும் கட்டிக்கொண்டு அசலைத் தொடாமல் விடுவதுபோலத்தான் அது. ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை, வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழியுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம், துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுங்கள். பால்கனியில் இருக்கிற மணி பிளான்ட்டில் ஒரு கொடியை, இலை வெளியேயும் வேர் தண்ணீரிலும் இருக்கும்படி தொட்டி ஓரத்தில் தொங்கவிடுங்கள். நைட்ரேட்டை நன்றாக உறிஞ்சும்.

ஏப்ரல், மே மாதங்களில் மூடியைக் கொஞ்சம் விலக்கி வலையால் மூடி, தண்ணீர் மேல் படும்படி டேபிள் ஃபேன் வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி குறையும். ஐஸ் போடாதீர்கள், திடீர் மாற்றம் ஆகாது. நீண்ட நேரம் கரண்ட் போனால் மக்கில் தண்ணீரை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருங்கள். காற்று கலக்கும்.

கடைசியாக, சங்கத்திடம் ஒன்று, உங்களிடம் ஒன்று, இரண்டு வேண்டுகோள்.

சங்கத்துக்கு: மேல்நிலைத் தொட்டியை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும் தேதியை முந்தின நாளே மூன்று பிளாக் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுங்கள். போன முறை கழுவின அன்று சாயங்காலம் இரண்டு வீடுகளில் தெரியாமல் அதே தண்ணீரை மாற்றினார்கள். காலையில் ஒரு மீன் இல்லை. ஒரு வரி அறிவிப்பு இருந்தால் போதும், மூன்று நாள் தண்ணீர் மாற்றாமல் இருந்துகொள்வோம்.

உங்களுக்கு: வளர்க்க முடியவில்லை என்றால் மீனை நம் பின்பக்க ஏரியில் விடாதீர்கள். புண்ணியம் என்று நினைத்துத்தான் செய்கிறீர்கள், தெரியும். இரண்டு அங்குலத்தில் வாங்குகிற சக்கர் ஓரடிக்கு மேல் வளரும். அது மீன் கழிவைத் தின்னவும் செய்யாது. இப்படி விடப்பட்ட சக்கர்தான் இன்றைக்கு நம் நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, நாட்டு மீனுக்குப் போட்டியாக நிற்கிறது, மீனவர் வலையைக் கிழிக்கிறது. என்னிடம் கொடுங்கள். என் பழைய சக்கர் இப்போது நாலடித் தொட்டி வைத்திருக்கும் நண்பர் வீட்டில் இருக்கிறது. உங்களுடையதுக்கும் இடம் பார்த்துத் தருகிறேன்.

இன்னொன்று. என் தொட்டியில் எப்போதும் இரண்டு ஸ்பாஞ்ச் கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கும். அது உங்களுக்காகத்தான். புதிதாகத் தொட்டி வைப்பவர்கள், மீன் வாங்கும் முன் வாருங்கள். தொட்டித் தண்ணீரோடு ஒரு டப்பாவில் போட்டுத் தருகிறேன். காயவிடாமல் உடனே கொண்டுபோய் உங்கள் ஃபில்டரில் சேர்த்துவிடுங்கள். ஆறு வாரக் காத்திருப்பு பாதியாகக் குறையும். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவதில் வெட்கம் என்ன இருக்கிறது? ஆனால் என் தொட்டியில் மீனுக்கு ஏதாவது நோய் இருந்தால் அந்த வாரம் தரமாட்டேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

பேரனுக்கு இப்போது பதினொரு வயசு. இன்னும் போன் செய்கிறான். முன்போல எத்தனை என்று கேட்பதில்லை, "குட்டி போட்டுச்சா?" என்று கேட்கிறான். கப்பிக் குட்டிகளை யாராலும் எண்ண முடியாது. "தோராயமா முப்பது இருக்கும்டா, சரியாச் சொல்ல முடியலே" என்கிறேன். நம்புகிறான்.